பெயர்ப் பதிவேடும் நினைவுக்கல்லும்: சண்டாக்கான் வானூர்தித் தளத்தின் கைதிகள்

சபா மாநிலத்தின் கிழக்குக் கரையிலுள்ள சண்டாக்கானுக்குக் கோத்தா கினபாலுவிலிருந்து வானூர்தியில் ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேர்ந்துவிடலாம். அங்கு இறங்கும் பயணிகளுள் பெரும்பாலோர் செப்பிலோக்கில் உள்ள ஓராங் ஊத்தான் காப்பகத்தையோ கினபாத்தாங்கான் ஆற்றையோ நோக்கி விரைகின்றனர். தாம் கால் வைத்த நிலத்தைத் திரும்பிப் பார்க்க அவர்களுக்குக் காரணம் ஏதுமில்லை. ஆயினும், அந்நிலத்தின் மேடுகளை வெட்டிப் பள்ளங்களை நிரப்பியவர்கள் இரண்டாம் உலகப் போரின் கைதிகள். ஆஸ்திரேலியப் படைவீரரும் பிரிட்டிஷ் படைவீரரும் மண்வெட்டியும் கூடையும் தள்ளுவண்டியும் கொண்டு அங்கே ஈராண்டுகளுக்கும் மேலாக உழைத்தனர். ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் அதே வெயிலில் உழைத்தனர்.

நகரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், அக்கைதிகள் வாழ்ந்து மடிந்த முகாமின் ஒரு பகுதி இன்று நினைவுப் பூங்காவாக உள்ளது. அந்தப் பூங்காவே இவ்வுரையின் பொருள். நினைவுச்சின்னம் ஒன்றைக் காணும்போது நாம் முதலில் கல்லையும் அதில் பொறித்த எழுத்தையும் பார்க்கிறோம். அந்தக் கல் நடப்படுவதற்கு நெடுநாள் முன்பே எழுதப்பட்ட வேறொன்றை நாம் பார்ப்பதில்லை. அது பெயர்ப் பதிவேடு. யார் எங்கிருந்து வந்தார், எப்படையைச் சார்ந்தவர், எந்நாளில் இறந்தார் என்று எவரோ ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் பின்னொரு நாளில் கல் எழும்புகிறது. சண்டாக்கானின் வரலாற்றை இக்கோணத்தில் படித்துக் காட்டுவதே நம் நோக்கம்.

போருக்கு முந்திய சண்டாக்கான் ஒதுக்குப்புறமான ஊரென்று சொல்லத்தக்கதன்று. பிரிட்டிஷ் வட போர்னியோவின் தலைநகரம் அதுவே. மரமும் பிற காட்டுப் பொருள்களும் அத்துறைமுகத்தின் வழியே வெளியுலகிற்குச் சென்றன. ஆனால் நகருக்குப் பின்னால் காடு தொடங்கிவிடும். மேற்குக் கரையிலிருந்த ஜெசல்டனுக்கு, அதாவது இன்றைய கோத்தா கினபாலுவுக்கு, தரைவழிச் சாலை இல்லை. கடல்வழியே செல்ல வேண்டும். ஒருபுறம் கடலும் மறுபுறம் சதுப்பும் மலைக்காடும் சூழ்ந்த அவ்வூரில் கைதிகளை வைத்தால் தப்பிச் செல்ல வழியிராது என்பதை ஜப்பானியர் நன்கு உணர்ந்திருந்தனர். அவசரக் காலத்தில் வானூர்தி இறங்குவதற்கென்று பிரிட்டிஷார் போருக்கு முன்பே ஓரிடத்தைத் தேர்ந்து வைத்திருந்தனர். 1942 ஜனவரியில் ஊரைக் கைப்பற்றிய ஜப்பானியர் அவ்விடத்திலேயே படைத்துறை வானூர்தித் தளம் அமைக்கத் திட்டமிட்டனர். போர்னியோவின் எண்ணெய் வயல்களுக்கும் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் இடையே பறக்கும் வானூர்திகளுக்கு அது இடைத்தங்கல் ஆகும். தேவைப்பட்டது வேலையாள் மட்டுமே.

வேலையாள் சிங்கப்பூரில் இருந்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கியில் பல்லாயிரம் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். அங்கிருந்து பல திசைகளுக்கும் கைதிக்குழுக்கள் அனுப்பப்பட்டன. சயாம் – பர்மா இருப்புப்பாதைக்குச் சென்ற குழுக்களைப் பற்றி இந்நாட்டுத் தமிழர் நன்கறிவர். அதை இவ்வுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம். 1942 ஜூலையில், ‘பி படை’ என்று பெயரிடப்பட்ட ஏறத்தாழ 1,500 ஆஸ்திரேலியர் ‘உபி மாரு’ என்னும் பழைய கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி ஏற்றப்பட்டனர். பத்து நாள் கடற்பயணத்திற்குப்பின் அவர்கள் சண்டாக்கானில் இறங்கினர். மறு ஆண்டில் மேலும் 500 ஆஸ்திரேலியரும், கூச்சிங் வழியாக எழுநூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷாரும் வந்து சேர்ந்தனர். முகாம், பிரிட்டிஷார் நடத்திய வேளாண் சோதனைப் பண்ணை இருந்த இடத்தில் அமைந்தது.

அம்முகாமின் தலைவரும் வானூர்தித் தளக் கட்டுமானத்தின் பொறுப்பாளரும் ஒருவரே: ஹோஷிஜிமா சுசுமு என்னும் பொறியாளர். இது மாணவர்கள் கருதத்தக்க செய்தி. காவலரும் கட்டுமானரும் ஒரே ஆளாக இருக்கும்போது, கைதியின் உணவும் மருந்தும் ஓடுபாதையின் நீளத்தைக் கொண்டே அளக்கப்படும். நோயாளிகளின் எண்ணிக்கை மிகுந்தால் வேலைக்கு வருவோர் எண்ணிக்கை குறையும். ஆகவே நோயாளிகளும் வேலைக்கு இழுத்து வரப்பட்டனர். தண்டனைக்கென மரக்கூண்டு ஒன்று செய்து வைத்தனர். நிமிர்ந்து நிற்க முடியாத அக்கூண்டில் கைதிகள் பல நாள் அடைக்கப்பட்டனர். தொடக்க மாதங்களில் உணவு ஓரளவு கிடைத்தது. கைதிகள் கலை நிகழ்ச்சிகள்கூட நடத்தினர். 1943இல் தைவான் காவலர்கள் வந்த பின்னர் வேலைக்களத்தில் அடி உதை அன்றாட நிகழ்வாயிற்று.

அவ்வாண்டின் நடுவில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி முகாமின் போக்கையே மாற்றிற்று. கேப்டன் லயனல் மேத்தியூஸ் என்னும் ஆஸ்திரேலிய அதிகாரியின் தலைமையில் கைதிகள் மறைவாக வானொலிப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தனர். ஊருக்குள் அவர்களுக்குத் துணையாக இருந்தவர்கள் பலர். அரசு மருத்துவமனை மருத்துவர் ஜேம்ஸ் டெய்லர் மருந்தும் பணமும் அனுப்பினார். காவல்துறையினர் செய்தி கொண்டு சென்றனர். சீன வணிகர், யூரேசியர், சபாவின் பூர்வகுடியினர் எனப் பல இனத்தவர் அவ்வலையில் இணைந்திருந்தனர். 1943 ஜூலையில் குட்டு வெளிப்பட்டது. விசாரணை என்ற பெயரில் பல மாதம் வதைத்தபின் 1944 மார்ச் 2ஆம் நாள் கூச்சிங்கில் மேத்தியூஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் உள்ளூரார் எண்மரும் கொல்லப்பட்டனர். அந்த எண்மருள் காவல்துறையைச் சார்ந்த எர்னெஸ்டோ லாகனும், சீக்கியரான ஜமேதார் உஜாகர் சிங்கும் இருந்தனர். மேத்தியூசுக்கு இறந்தபின் ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்விருது வழங்கப்பட்டது. அவர் பெயரை ஆஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைகள் அறியக்கூடும். உஜாகர் சிங்கின் பெயரை மலேசியப் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

சதி வெளிப்பட்டதும் அதிகாரிகளுள் மிகப் பெரும்பாலோர் கூச்சிங்குக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சிய வீரர்கள் ஏறக்குறையத் தலைவரற்ற கூட்டமாயினர். அவ்வீரர்கள் தளத்தைக் கட்டிக்கொண்டிருந்தனர். 1944இன் இறுதி மாதங்களில் நேச நாட்டு வானூர்திகள் வந்து அத்தளத்தின்மீது குண்டு வீசலாயின. பகலில் குண்டு விழுந்த குழிகளை அடுத்த நாள் கைதிகளே நிரப்ப வேண்டும். மீண்டும் குண்டு விழும். 1945 ஜனவரியில் ஜப்பானியர் தளத்தைப் பழுதுபார்ப்பதை முற்றாகக் கைவிட்டனர். ஈராண்டுக்கு மேற்பட்ட மனித உழைப்பு சில மாதங்களில் பயனற்றுப் போயிற்று. தளம் தேவையில்லை என்றான பிறகு அதைக் கட்டியவர்களும் தேவைப்படவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் கைதிகளுக்கு அரிசி வழங்குவதும் நிறுத்தப்பட்டது. கைதிகள் தம் பங்கிலிருந்து சிறுகச் சிறுகச் சேமித்து வைத்திருந்த அரிசியே சில வாரம் அவர்களைக் காத்தது.

அதன்பின் நடந்தது ‘மரண அணிவகுப்பு’ என்று வரலாற்றில் வழங்குகிறது. 1945 ஜனவரி இறுதியில் 455 கைதிகள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஜப்பானியரின் சுமைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரானாவ் என்னும் மலையூருக்கு நடத்திச் செல்லப்பட்டனர். நடக்க இயலாமல் வீழ்ந்தோர் வீழ்ந்த இடத்திலேயே கொல்லப்பட்டனர். மே மாத இறுதியில் முகாமுக்குத் தீ வைத்துவிட்டு இரண்டாம் அணியாக 536 பேரைக் கொண்டு சென்றனர். ஜூன் இறுதியில் ரானாவை அடைந்தவர்கள் 183 பேர். முதல் அணியில் சென்ற 455 பேருள் அப்போது அங்கு உயிரோடிருந்தவர்கள் அறுவர் மட்டுமே. மூன்றாம் அணியில் சென்ற 75 பேரில் ஒருவர்கூட நெடுந்தொலைவு செல்லவில்லை. நடக்கவே இயலாமல் சண்டாக்கானில் விடப்பட்டோர் எரிந்த முகாமின் வெட்டவெளியில் பசியாலும் நோயாலும் வாளாலும் மாண்டனர். ரானாவில் எஞ்சியிருந்தோர் ஆகஸ்டு மாத இறுதியில், ஜப்பான் சரணடைந்து பல நாள் கழிந்த பின்னர், கொல்லப்பட்டனர்.

இந்த வரலாற்றைக் குறிக்க ‘மரண அணிவகுப்பு’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. அப்பெயர் ஒரு பிழையான எண்ணத்தைத் தருகிறது என்பது நம் கருத்து. அணிவகுத்துச் சென்றோர் ஆயிரத்தைச் சற்றே தாண்டுவர். அவர்களினும் மிகுதியானோர் ஓரடியும் நடக்காமல் முகாமிலேயே இறந்தனர். அவர்களைக் கொன்றது காட்டுப்பாதையன்று. வானூர்தித் தளமும் அதன் பட்டினியும். ஆகவேதான் நினைவுப் பூங்கா காட்டுப்பாதையின் ஓரத்தில் மட்டும் அமையாமல் முகாம் இருந்த இடத்திலேயே அமைந்திருப்பது பொருத்தமாகிறது.

கைதிகளின் மொத்தக் கணக்கை ஆஸ்திரேலிய அரசு வெளியிட்டுள்ளது: 2,434 பேர். அவர்களுள் இறந்த ஆஸ்திரேலியர் 1,787. இறந்த பிரிட்டிஷார் 641. உயிர் பிழைத்தவர்கள் அறுவர்: ஓவன் கேம்பெல், டிக் பிரெய்த்வெயிட், கீத் பாட்டரில், பில் மாக்ஸம், நெல்சன் ஷார்ட், வில்லியம் ஸ்டிக்பெவிச். அறுவரும் ஆஸ்திரேலியர்; பிரிட்டிஷாருள் ஒருவரும் மிஞ்சவில்லை. இவ்வெண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவற்றின் இயல்பைக் கவனிக்க வேண்டும் என்கிறோம். ஆயிரம், இரண்டாயிரம் என்று முழு எண்ணாக முடியாமல், ஒன்றாம் இலக்கம் வரை துல்லியமாக நிற்கின்றன. படை என்னும் அமைப்பு பதிவேட்டின்மேல் நிற்பது. ஒவ்வொரு வீரருக்கும் எண் உண்டு, அலகு உண்டு, ஊதியக் கணக்கு உண்டு, ஊரில் ‘நெருங்கிய உறவினர்’ என்று எழுதி வைத்த பெயர் உண்டு. சண்டாக்கான் முகாமே எரிந்து சாம்பலாகிய பின்னரும், அதற்கப்பால் இருந்த அந்தப் பதிவேடு எரியவில்லை.

இனி, பூங்காவிற்குள் செல்வோம். 1999 மார்ச்சு மாதம் அது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. மரங்கள் அடர்ந்த அமைதியான இடம். பாதை வழியே நடக்கும்போது துருப்பிடித்த மூன்று பெரிய இரும்புப் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் படுகின்றன. முதலாவது மண் தோண்டும் பொறி. வானூர்தித் தள வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட அதைக் கைதிகள் பயன்படாதவாறு பழுதாக்கிவிட்டனர் என்பர். தம் உழைப்பை எளிதாக்கக்கூடிய பொறியையே அவர்கள் ஏன் கெடுத்தனர் என்று மாணவர் கேட்டால், அது நல்ல கேள்வி. வேலை எவ்வளவு தாமதப்படுகிறதோ அவ்வளவும் எதிரிக்கு இழப்பு என்பது கைதியின் கணக்கு. அடுத்தவை கொதிகலனும் மின்னாக்கியும். முகாமுக்கு மின்சாரம் தந்த அவ்விரண்டே கைதிகளின் மறைவான வானொலிக்கும் மின்சாரம் தந்தன. மின்நிலையத்தில் பணியாற்றிய உள்ளூரார் இரவு நேரத்தில் தக்க அளவு மின்னோட்டத்தை விட்டுத் துணை புரிந்தனர். சற்றுத் தள்ளிக் கற்காரைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் இருக்கிறது. நடுவே கறுத்த கருங்கல் நினைவுத்தூணும், படங்களும் விளக்கங்களும் கொண்ட மண்டபமும் உள்ளன.

எந்தச் சிற்பமும் இந்தத் துருப்பிடித்த இரும்புக்கு ஈடாகாது என்றே நாம் எண்ணுகிறோம். வீரனின் உருவம், சாய்ந்த துப்பாக்கி, மலர்வளையம் ஆகியவை எந்நாட்டு நினைவிடத்திலும் காணப்படுவன. இந்தக் கொதிகலனோ இவ்வூரில் மட்டுமே இருக்கத்தக்கது.

அங்கு கல்லறை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர் முடிந்தபின் ஆஸ்திரேலியக் கல்லறைப் பிரிவினர் முகாமிலும் காட்டுப்பாதை நெடுகிலும் உடல்களைத் தேடித் திரட்டினர். முதலில் சண்டாக்கானிலேயே இடுகாடு அமைந்தது. அது வெள்ளத்திற்கு ஆட்பட்டதால் எலும்புகளெல்லாம் லபுவான் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. லபுவான் போர்க் கல்லறையில் இன்று ஏறத்தாழ 3,900 கல்லறைகள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பெயரற்றவை. படைவீரர் ஒருவரின் உடல் என்பது மட்டும் தெரியும். எவருடையது என்பது தெரியாது. ஆகவே அங்கு இருவகைக் குறை நிற்கிறது. உடல் இருக்கிறது, பெயர் இல்லை. மதிற்சுவரிலோ பெயர் இருக்கிறது, உடல் இல்லை. இரண்டையும் எதிரெதிரே வைத்ததோடு அதிகாரிகள் நிறுத்திக்கொண்டனர். அதற்குமேல் எவராலும் எதுவும் செய்ய இயலாது. வீழ்ந்த இடத்தில் உடல் இல்லாவிடினும் கல் நடும் வழக்கம் நம் மரபுக்கும் புதியதன்று. நடுகல்லுக்கு வேண்டியவை வீரன் பெயரும் அவன் செயலுமே, எலும்பு அன்று.

பதிவேட்டைப் பற்றிச் சொன்னோம். பதிவேடு இல்லாதவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

அதே வானூர்தித் தளத்தில் ஜாவாத் தொழிலாளர் உழைத்தனர் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டோம். ‘ரோமுஷா’ என்று ஜப்பானிய மொழியில் அழைக்கப்பட்ட அவர்களுள் பலர் நல்ல வேலை, நல்ல கூலி என்ற உறுதிமொழியை நம்பிக் கப்பல் ஏறியவர்கள். பலர் கட்டாயத்தால் ஏறியவர்கள். அவர்களும் பட்டினி கிடந்தனர், அவர்களும் மாண்டனர். அவர்களைப் பற்றிய எண்ணிக்கை ஆயிரங்களில் தோராயமாக மட்டுமே சொல்லப்படுகிறது. 1,787 என்றும் 641 என்றும் ஒருபுறமிருக்க, மறுபுறம் ‘ஆயிரக்கணக்கானோர்’. ஒரே தளத்தில் ஒரே மண்ணைச் சுமந்தவர்களுக்குக் கணக்கு இப்படி வேறுபடுவதற்குக் காரணம் இறப்பின் அளவன்று, எழுதி வைத்தவர் இருந்தாரா என்பதே. தொலைவிலிருந்து அவர்களைத் தேடும் அரசும் இல்லை, ஓய்வூதியம் கோரும் கைம்பெண்ணின் விண்ணப்பமும் இல்லை.

இரண்டாவதாக, ஊர்மக்கள். உயிர் பிழைத்த அறுவரும் தப்பியோடியவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. முகாமிலோ பாதையிலோ தங்கியிருந்து பிழைத்தவர் ஒருவரும் இலர். தப்பியோடியவர் காட்டில் தனியே எத்தனை நாள் வாழ்வார்? அவர்கள் நோயாளிகள், எலும்பும் தோலுமாய் இருந்தவர்கள். ஆற்றங்கரை மக்களும் மலைக்குடி மக்களும் அவர்களை மறைத்து வைத்துச் சோறு கொடுத்தனர். ரானாவுக்கு அருகே பாரிகா என்னும் ஊரார் ஒருவர் பாட்டரில், மாக்ஸம், ஷார்ட் ஆகியோரைக் காட்டுக்குள் மறைத்துக் காத்தார். அகப்பட்டால் தம் குடும்பமே அழியும் என்பது அவருக்குத் தெரியும். கேம்பெல்லைக் காத்தவர்களுள் கூலாங் என்னும் ஊர்த்தலைவரின் பெயர் சொல்லப்படுகிறது. அவரைப் பற்றிய செய்தி ஒன்று கேட்பவரைத் திடுக்கிடச் செய்யும். ரானாவுக்குப் பாதை வெட்டும்படி ஜப்பானியர் பணித்தபோது, அப்பாதையில் ஜப்பானியப் படையே செல்லும் என்று எண்ணி, வேண்டுமென்றே மிகக் கடினமான மேடுகளின் வழியாக அதை வெட்டச் செய்தார் என்பர். அப்பாதையில் கைதிகள் நடத்தப்படுவார்கள் என்று அவர் எவ்வாறு அறிவார்? பின்னர் அப்பாதையிலிருந்து தப்பி வந்தவருக்குத் துணை நின்றவரும் அவரே.

அந்த அறுவரும் பிழைத்திராவிடில் நடந்ததைச் சொல்லச் சாட்சி இராது. ஸ்டிக்பெவிச்சு முதலானோர் போர்க்குற்ற விசாரணையில் அளித்த வாக்குமூலங்களே ஹோஷிஜிமா உள்ளிட்டோரைக் குற்றவாளிகளாக நிறுவின. 1946 ஏப்ரலில் ஹோஷிஜிமா ரபாவுலில் தூக்கிலிடப்பட்டார். நினைவு மண்டபத்தின் விளக்கப் பலகைகளில் நாம் படிக்கும் செய்திகளுக்கு அடிப்படையாக அச்சாட்சியங்கள் உள்ளன. அச்சாட்சியங்களுக்கு அடிப்படையாக, எழுதப் படிக்கத் தெரியாத மலைக்குடியினர் சிலர் ஒரு பிடி சோற்றைப் பகிர்ந்துகொண்ட செயல் இருக்கிறது. பூங்காவை அமைத்தவர்கள் இதை மறைத்துவிட்டனர் என்று நாம் குறை கூறவில்லை. மண்டபத்தில் ஊர்மக்களின் உதவி சொல்லப்பட்டிருக்கிறது. கினபாலு மலையடிவாரத்தில் குண்டாசாங்கில் 1962இல் அமைந்த நினைவிடத்தில், ஆஸ்திரேலியருக்கு ஒரு தோட்டமும் ஆங்கிலேயருக்கு ரோசாத் தோட்டமும் இருப்பது போலவே போர்னியோ மக்களுக்கென ஒரு தோட்டமும் உண்டு. அத்தோட்டத்தில் இந்நாட்டுக் காட்டுச் செடிகள் பூத்திருக்கின்றன. படைவீரரின் பெயர்கள் பலகையில் வரிசையாக உள்ளன. போர்னியோ தோட்டத்தில் செடிகள் உள்ளன. உரியவர்களுக்கு நன்றி செலுத்த வேண்டும் என்ற மனம் இருந்தது. எழுதுவதற்குப் பட்டியல் இல்லை.

இச்செய்தியைத் தமிழர் அவையில் ஏன் விரித்துரைக்கிறோம் என்பதற்கு இப்போது வருவோம். சாங்கியிலிருந்து ஒரு குழு கிழக்கே சண்டாக்கானுக்குச் சென்றது. வேறு பல குழுக்கள் வடக்கே சயாமுக்குச் சென்றன. அங்கே அக்கைதிகளோடு உழைக்கும்படி மலாயாவின் தோட்டப்புறங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அவ்விருப்புப்பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவர்கள். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் அதனினும் பன்மடங்கு. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு. புல் சீராக வெட்டப்பட்டிருக்கும். கல்தோறும் பூச்செடி இருக்கும். அங்கு செல்லும் மலேசியத் தமிழர் தம் பாட்டனார் பெயரைத் தேடிப் பார்த்துத் திரும்புகின்றனர். அது படைவீரர் கல்லறை. ஆகவே தோட்டத் தொழிலாளர் பெயர் அங்கிராது. சண்டாக்கானில் ஜாவாக்காரருக்கு நேர்ந்தது சயாமில் தமிழருக்கு நேர்ந்தது.

இதில் நம்மை வருத்தும் முரண் ஒன்றுண்டு. தோட்டத்தில் அத்தமிழருக்குப் பதிவேடு இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் கூப்பிட்டார். வந்தவர், வராதவர் எல்லாரும் செக்ரோலில் பதியப்பட்டனர். ஒரு நாள் வேலைக்கு வராதவரை அந்த ஏடு தப்பவிடாது. கூலி கணக்கிடுவதற்காக அவ்வளவு கருத்தாக எழுதப்பட்ட பெயர்கள், அம்மக்கள் சரக்கு வண்டியில் ஏற்றப்பட்ட நாளுக்குப்பின் எந்த ஏட்டிலும் தொடர்ச்சியாக எழுதப்படவில்லை. திரும்பி வந்தவர் சொன்னதுதான் பதிவு. அதைக் கேட்டு எழுத்தாக்கியவர்கள் எழுத்தாளர்கள். ஆர். சண்முகம் அவர்களின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி அவர்களின் ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலையும் நம் ஆசிரியர்கள் அறிவர். இரண்டாவதன் தலைப்பையே நோக்குக. கல்லில் எழுதப்படாதது கதையில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியுள்ளது. தமிழர் பெயர் இல்லை என்பதற்காகப் படைவீரர் பெயர்களைப் பொறாமையோடு பார்க்கும் மனநிலை நமக்கு வேண்டா. சண்டாக்கானின் வீரர் குடும்பங்களும் நெடுங்காலம் உண்மையறியாமலே வாழ்ந்தன. மகன் இறந்தான் என்ற செய்தி மட்டும் வந்தது. எப்படி என்ற செய்தி வரவில்லை. அக்கைதிகளை மீட்பதற்கென ‘மீன்கொத்தி’ என்னும் மறைபெயரில் வகுக்கப்பட்ட திட்டம் ஏன் நிறைவேறவில்லை என்பது குறித்து ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். பதிவேடு இருந்தும், அதை மக்கள் முன் வைப்பதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. பூங்கா திறந்த ஆண்டைப் போர் முடிந்த ஆண்டோடு வைத்துப் பாருங்கள்.

இந்தியரின் பெயர்கள் எழுதப்பட்ட இடமும் உண்டு. லபுவான் போர்க் கல்லறையிலேயே பிரிவினைக்கு முந்திய இந்தியப் படையினருக்கான தகன நினைவுக்கல் உள்ளது. தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்டதால் கல்லறை இல்லாத வீரர்களின் பெயர்களை அதில் பொறித்துள்ளனர். அவர்களுக்கும் படைப் பதிவேடு இருந்தது.

மாணவரை அழைத்துச் செல்லக் கருதும் ஆசிரியர்களுக்கு நம் பட்டறிவிலிருந்து சில சொற்கள். மண்டபத்திற்கு முதலில் செல்ல வேண்டா. இரும்புப் பொருள்களை முதலில் காட்டி, இவை என்ன, எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று மாணவரையே ஊகிக்கச் செய்து, பின்னர் மண்டபத்தில் விடை தேடச் செய்தால் அவர்கள் விளக்கப் பலகைகளை ஊன்றிப் படிக்கின்றனர். நேரம் இருப்பின் நகரிலுள்ள புனித மைக்கேல் தேவாலயத்தையும் காட்டலாம். போரில் ஊரே அழிந்தபோதும் அதன் கற்சுவர்கள் நின்றன. கைதிகளின் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் அங்கு உள்ளன. ஆகஸ்டு 15ஆம் நாள் விடியற்காலையில் பூங்காவில் ஆண்டுதோறும் நினைவு நிகழ்ச்சி நடைபெறுகிறது. அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து குடும்பத்தார் வருவர். உதவி புரிந்த ஊர்மக்களின் வழித்தோன்றல்களும் வருவதுண்டு. முன்னவர்கள் தூணருகே மலர் வைக்கும்போது பெரும்பாலும் கையில் ஒரு புகைப்படம் வைத்திருப்பர். பின்னவர்களிடம் புகைப்படம் இருப்பது அரிது. அவர்களிடம் மாணவர் பேசலாம். பேசியதை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேட்டை மறவாமல் கொண்டு செல்க.